அரைக் கிலோ பால்கோவாவும் ஆறடி ருத்ரனும்

முதலில் வதந்தியைச் சொல்லிவிடுகிறேன். வதந்தியும் பால்கோவாவும் ஒன்று. சூடு இருக்கும்போதே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இராஜபாளையத்தில் இருந்துகொண்டு, கைபேசி ஆப்பில் வாரம் மூன்று நாள் காதல் தொடர்கதை எழுதுகிறாரே தேன்முகில் (குரங்கு வாலை மாட்டிக்கொண்ட ஆப்பு வேறு, இதில் மாட்டிக்கொள்வது வாசகர்கள்), அவருடைய கதாநாயகன் ருத்ரேஸ்வரன் கற்பனை இல்லையாம். ரேஷன் கார்டில் பெயர் உள்ள, காலையில் வேப்பங்குச்சியோ பேஸ்ட்டோ போட்டுப் பல் தேய்க்கிற, நிஜமான ஆளாம். அதுவும் இராஜபாளையத்தில் இல்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாராம்.

பொதுநலம் கருதி இதை விசாரிக்கக் கிளம்பினோம். கிளம்பிய இடத்தில் ருத்ரன் கிடைத்தானோ இல்லையோ, ஓர் இனம் கிடைத்தது. அந்த இனத்துக்கு அகராதியில் பெயர் இல்லை. நாமே வைத்துவிடலாம்: தன்தேடி.

தன்தேடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குரூப் போட்டோவைக் கையில் கொடுத்ததும், மணமக்களை விட்டுவிட்டு, நான்காவது வரிசையில் பாதித் தலை தெரிகிற தன்னைக் கண்டுபிடித்து, 'கண்ணை மூடிட்டேனே' என்று வருத்தப்படுவார். மேடையில் ஒருவர் 'இங்கே சில பேர் இருக்கிறார்கள்' என்று தொடங்கினால் உடனே நிமிர்ந்து உட்காருவார். பொதுவாக யாரையாவது திட்டினால் 'என்னத்தான் சொல்லுதான்' என்று கோபித்துக்கொள்வார். திட்டாவிட்டால் 'நம்மள மதிக்கலையே' என்று அதைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வார். இப்படிப்பட்டவர் கையில் ஒரு காதல் நாவல் கிடைத்தால் என்ன ஆகும்? அந்த நாவலை எழுதியவரும் பக்கத்து ஊர்க்காரராகவே இருந்துவிட்டால்?

தேன்முகிலின் வீட்டுப் பெயர் கனகலட்சுமி. நாற்பத்து நான்கு வயது, பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்த வீடு, ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக ஒரு கணவர், கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு மகள், இவ்வளவுதான் குடும்பம். காதல் நாவலாசிரியை என்றால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தூரத்து மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார் என்று நினைத்தீர்களானால் நீங்கள் நாவல் மட்டும் படிக்கிறவர், நாவலாசிரியை வீட்டுக்குப் போகாதவர். அவர் எழுதுவதே இல்லை. பேசுகிறார். கைபேசியை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்துவைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாயால் சொல்லச் சொல்ல, அது எழுத்தாக்கிக்கொள்கிறது. வெங்காயத்தால் கண் கலங்கும் நேரத்தில் பிரிவுக் காட்சி. மாவாட்டும் நேரத்தில் மோதல். ரசம் கொதித்து மேலே வரும்போது முத்தம். ரசம் பொங்கிவிடும் என்பதால் அவருடைய நாவல்களில் எந்த முத்தமும் மூன்று வரியைத் தாண்டியதில்லை. அதையே வாசகிகள் 'எவ்வளவு கண்ணியமான எழுத்து சிஸ்' என்று கொண்டாடுகிறார்கள்.

கைபேசிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு சமயத்தில் காலை வாரிவிடும். முப்பத்திரண்டாவது மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற, லண்டனில் படித்த ருத்ரேஸ்வரன், கறுப்புக் காரிலிருந்து இறங்கி 'புயலென வருதான்' என்று ஒரு நாள் வந்துவிட்டது. மலேசியாவிலிருந்து ஒரு வாசகி, 'வருதான் என்றால் என்ன சிஸ்?' என்று கேட்டார். 'சாதாரணமாக வந்தால் வருகிறான்; மிடுக்காக வந்தால் வருதான்' என்று பதில் போனது. இப்போது கோலாலம்பூரில் பாதிப் பேர் வருதாவ.

பக்கத்து வீட்டு மகாலட்சுமியம்மா தெலுங்கு பேசுகிறவர், பெரிய மனசுக்காரர். கனகலட்சுமி வாயால் கதை சொல்லத் தொடங்கிய முதல் வாரம், அடுக்களைச் சுவர் வழியாக 'விடு என்னை, ராட்சசா!' என்று அலறல் கேட்டு, கையில் கிடைத்த தோசைக் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். ராட்சசன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டேபிள் ஃபேனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏமண்டி, உள்ள என்ன சத்தம்?"

"கதை" என்றார் ராட்சசன், தலையைத் தூக்காமல்.

அன்றிலிருந்து மகாலட்சுமியம்மாதான் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் வாசகி. சுவரில் காதை வைத்து வாசிக்கிறார்.

அந்த ராட்சசன்தான் காளிராஜ். கனகலட்சுமியின் கணவர். நம் கதை இனி அவர் பின்னாலேயே போகப்போகிறது. அவர் அதிகம் பேசமாட்டார், ஆகவே நாம்தான் பேச வேண்டும்.

காளிராஜ் மில்லில் சேர்ந்து இருபத்தாறு வருஷம். மெஷின் எது தடுமாறினாலும் அதன் பக்கத்தில் போய் நின்று, தலையைச் சாய்த்து, டாக்டர் நெஞ்சில் கேட்பது மாதிரி கேட்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சரி செய்ததும் லாக் புத்தகத்தில் எழுதுவார்: பார்த்தேன். சரி. கீழே இரண்டெழுத்துக் கையெழுத்து. இருபத்தாறு வருஷத்தில் அந்த இரண்டு சொல்லும் லாக் புத்தகத்தை விட்டு வெளியே வந்து, மெல்ல வீட்டுக்குள் நுழைந்து, சாமான்களோடு சாமானாகக் குடியேறிவிட்டன. மகள் கார்த்திகாவின் மார்க் ஷீட்டைக் காட்டினால், பார்த்தேன், சரி. பலசரக்குச் சிட்டையைக் காட்டினால், பார்த்தேன், சரி. கனகலட்சுமி தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டு வந்து முன்னால் நின்று, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டபோதும் அதே இரண்டு சொல். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மனைவி காதல் நாவல் எழுதுவது அவருக்குத் தெரியும். மழை பெய்வது தெரிகிற மாதிரி. ஒரு வரி படித்ததில்லை.

இப்போது விசாரணைக்கு வருவோம். ருத்ரனின் அங்க அடையாளங்களைத் தேன்முகில் அவ்வப்போது கொடுத்திருக்கிறார்: ஆறடி இரண்டு அங்குலம். இடது கன்னத்தில் குழி. வலது புருவத்தின் மேல் தழும்பு. பார்வையாலேயே ஆளை அசைத்துவிடுவான். அப்புறம், வார்த்தைக் கஞ்சன். வாயைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கு மேல் வராது. இந்தக் கடைசி அடையாளத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற முத்துப்பாண்டி, கேட்பதற்கு முன்பே தொப்பியைக் கழற்றினார். "புருவத்துல தழும்புன்னு எழுதியிருக்காவல்லா? பாத்துக்கிடுங்க."

"கலவரத்தில் பட்டதா?"

"இல்ல. சின்னதுல சூறைத்தேங்கா பொறுக்கப் போனேன். சில்லு தெறிச்சிட்டு. அத அந்தம்மா கண்டுபிடிச்சு வாள்வெட்டுன்னு எழுதிருக்கு. எழுத்தாளர்னா அப்படித்தான சார்?"

பால்கோவாக் கடை கண்ணுச்சாமிக்கு உயரம் ஐந்தடி. அது அவரைத் தடுக்கவில்லை. "பார்வையாலயே ஆள உருக்கிருவான்னு வருதுல்லா? நான் நாப்பது வருசமா பாலப் பாத்துக்கிட்டே நிக்கேன். அது தானா சுண்டுது. இது போதாதா?"

போதும்.

ஆக, ஒரு ருத்ரனைத் தேடிப் போன இடத்தில் ஏழு ருத்ரன்கள் அகப்பட்டார்கள். ஆண் தன்தேடி கதையில் நாயகனாகத்தான் அகப்படுவார். வில்லனாக அகப்பட்ட ஓர் ஆணையும் நாம் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

காளிராஜின் அக்கா ஆனந்தவல்லி, மகாராஜபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கதையில் ருத்ரனின் அத்தை 'ராஜமாதங்கி' என்று ஒருத்தி, நாயகி இளமுல்லையின் பாயசத்தில் உப்பை அள்ளிப் போடுகிறாள் என்று எட்டாவது அத்தியாயத்தில் வந்ததும், வயலில் களை எடுக்க விட்டிருந்த ஆட்களை அப்படியே போட்டுவிட்டு, வத்திராயிருப்பு பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார்.

"ஏட்டி கனகு, அந்த ராஜமாதங்கி நான்தான?"

"அய்யய்யோ மதினி, அது கற்பனை."

"நீ கலியாணமாகி வந்த வருசம், பாயசத்துல உப்பு விழுந்தது கற்பனையா? கை தவறி விழுந்துச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? இருவத்திரண்டு வருசம் மனசுல வெச்சிருந்து உலகத்துக்கே சொல்லிட்டியேட்டி!" பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே காளிராசா, ஒம் பொண்டாட்டி எழுதுதத நீ பாக்கிறது இல்லையால?"

"பார்க்கல" என்றார் காளிராஜ்.

பயந்துபோன தேன்முகில் இரண்டு வாரம் ராஜமாதங்கியைக் கதையில் காட்டவேயில்லை. மூன்றாவது வாரம் மகாராஜபுரத்திலிருந்து போன் வந்தது. "ஏட்டி கனகு, என்னைய எங்க காணோம்? சோலி முடிஞ்சதுன்னு தூக்கிப் போட்டுட்டியோ? இங்க தெருவே கேக்குது."

இனி காளிராஜின் சங்கடம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கேன்டீனில், ரிங் பிரேம் ஃபிட்டர் ஆல்வின் டீயை வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு, சொல்லியே தீர்வது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்ததைச் சொன்னார்.

"அண்ணே, ஒன்னு கேள்விப்பட்டேன். மதினி எழுதுத கதையில வார ருத்ரன், நெஜ ஆளாம். வில்லிபுத்தூர்ல இருக்கானாம்."

காளிராஜ் வடையைப் பிட்டார். வைத்தார். "ஆறடியா?"

"ஆறடி ரெண்டு அங்குலம். கன்னத்துல குழி. கறுப்புக் கார்."

அன்று மாலை லாக் புத்தகத்தில், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தேதியைத் தப்பாக எழுதினார்.

மனைவியிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிக் கேட்பது? 'நீ எழுதுவதில் நான் இருக்கிறேனா?' என்று கேட்க வேண்டுமென்றால், அவர் பதினொரு நாவல் எழுதி முடிக்கும்வரை தான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய மெஷினைக் கழற்றிப் பூட்டியவருக்கு அந்தக் கேள்வியைப் பூட்டத் தெரியவில்லை. ஆல்வினிடம் தன் கைபேசியைக் கொடுத்தார். "அந்தக் கதையப் படிக்கணும். என் பேரு தெரியக்கூடாது."

ஆல்வின் கணக்குத் திறந்து கொடுத்தார். ஆப் பெயர் கேட்டது. சட்டென்று வாயில் வந்த பெயரைப் போட்டார்: ஷெரின். அது ஆல்வின் வீட்டு நாயின் பெயர். வெள்ளை வெளேர் என்று, காது மடங்கிய, அசல் இராஜபாளையம் நாய், ஊர்ப் பெருமை. புகைப்படத்துக்கு ஒரு ரோஜாப்பூ.

அன்றிலிருந்து ஷெரின் படிக்கத் தொடங்கினாள். டீ இடைவேளையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, பஞ்சுத் தூசி புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்க, 'இரும்புக்குள் ஓர் இலவம்பஞ்சு' என்ற அந்தத் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து, ஒரு மெஷினை ஆய்வு செய்கிற மாதிரியே படித்தாள். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் குறிப்பும் எடுக்கப்பட்டது. 'உயரம்: அவன் 6'2", நம்ம 5'5". கன்னக்குழி: இல்லை. அம்மைத் தழும்பு ஒன்று உண்டு, சேருமா? குறட்டை: அவனுக்கு இல்லவே இல்லை. கார்: நம்மது மொபெட்.' நான்கு நாளில் இருபது அத்தியாயம் முடிந்தது. காளிராஜ் எங்கும் இல்லை. ஒரு வேலைக்காரனாக, ஒரு வாட்ச்மேனாக, கூட்டத்தில் நடந்து போகிற ஒரு ஆளாகக்கூட இல்லை. வில்லன்களின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். இல்லை.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் 'உங்கள் கருத்தைப் பகிருங்கள்' என்று ஒரு கட்டம் காலியாக நின்றது. காலிக் கட்டத்தைக் கண்டால் காளிராஜின் கை சும்மா இருக்குமா? நிரப்பியது, அத்தியாயத்துக்கு ஆப்பில் வழங்குகிற 'எபி' என்ற செல்லப் பெயரோடு. 'எபி 1. பார்த்தேன். சரி.' 'எபி 2. பார்த்தேன். சரி.' மற்ற வாசகிகள் பதினைந்து இதயமும் எட்டு அழுகை முகமுமாகக் கொட்டியிருந்த இடத்தில், இது மட்டும் சர்க்கார் முத்திரை மாதிரி நின்றது. இரண்டு வாரத்தில் ஷெரினுக்கே ரசிகைகள் உண்டாகிவிட்டார்கள். 'ஷெரின் சிஸ் இன்னும் சரி சொல்லல, வெயிட் பண்ணுங்க' என்று ஒருத்தி எழுதினாள்.

வீட்டில் கார்த்திகா கேட்டாள். "யாரும்மா இந்த ஷெரின்? ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடுத மாதிரி கமென்ட் போடுது?"

"எனக்கு என்ன தெரியும்" என்றார் கனகலட்சுமி, கீரையை ஆய்ந்துகொண்டே. "பாவம், நல்ல புள்ளயாத்தான் இருக்கும்."

ஷெரினுக்கு வந்த பதில்களைச் சொல்ல வேண்டும். 'நன்றிடா தங்கமே.' 'உன் சரிக்காகத்தான் காத்திருந்தேன் செல்லம்.' 'நீ சரி சொன்னால்தான் எனக்குச் சோறே இறங்கும்.' காளிராஜ் கூடத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பார். அதே நேரம் அடுக்களையிலிருந்து அதே கையின் சொந்தக்காரி, "ஏங்க, மோர் ஊத்தவா, இல்ல எந்திரிக்கப் போறீங்களா?" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் தன்னை யாரும் தங்கமே என்று கூப்பிட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் தானும் 'இந்தா' என்பதைத் தாண்டியதில்லை. ஆனால் யோசிக்கவில்லை, தன்தேடி அதையெல்லாம் யோசிக்கமாட்டார். ஷெரின்மேல் பொறாமைப்பட்டார்.

முப்பத்தெட்டாவது அத்தியாயத்தின் கீழே தேன்முகில் ஒரு போட்டி அறிவித்தார். ஊரெல்லாம் வதந்தி பரவியிருப்பதாகக் கேள்வி. ருத்ரன் யார் என்பதற்குச் சரியான ஓர் அடையாளம் சொல்கிறவருக்கு அரைக் கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. முன்னூறு பதில் வந்தது. அதற்குள் ஆல்வின் மூலமாகப் புதுத் தகவலும் வந்தது: தேரடியில் மொபைல் கடை வைத்திருக்கிற பாண்டிதுரைதான் முதல் ருத்ரன், மற்ற ஆறு பேரும் பிறகு வந்தவர்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காளிராஜ் வெள்ளை வேட்டி கட்டினார். "வில்லிபுத்தூர்கிட்ட, நம்ம திருவண்ணாமலைப் பெருமாளச் சேவிச்சிட்டு வாரேன்."

"ஞாயித்துக்கெழம என்ன பெருமாள்? சனிக்கெழமல்ல போவாவ?"

"கூட்டம் இருக்காது."

கனகலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போயிட்டு வாங்க. தேரடிப் பக்கம் வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க."

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். காளிராஜ் பஸ் ஏறிவிட்டார்.

பாண்டிதுரையின் கடை ஒரு பீரோ அகலம்தான் இருக்கும். உள்ளே பாண்டிதுரை, உண்மையிலேயே உயரமாக, உண்மையிலேயே சிரித்தால் கன்னத்தில் குழி விழ, உட்கார்ந்திருந்தார். காளிராஜின் கை தன் அம்மைத் தழும்புக்குப் போனது.

"என்னண்ணே வேணும்?"

"கண்ணாடி ஒட்டணும். போனுக்கு."

"ஏற்கெனவே ஒட்டியிருக்கே."

"அதுக்கு மேல."

பாண்டிதுரை ஒட்டிக்கொண்டே பேசினார். "கதை கிதை படிப்பீகளாண்ணே? இப்ப ஆப்புல ஒரு கதை ஓடுது. ருத்ரன், ருத்ரன்னு. அது யாருங்கீய?" குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. நான்தான்."

"அந்தம்மாவத் தெரியுமா?"

"இங்கதான், பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஒரே வகுப்பு. என்கிட்ட ஒரு ரப்பர் வாங்குனாவ. திருப்பித் தரல. எம்புட்டு வருசமாச்சு! அந்த ரப்பர நெனச்சு நெனச்சுத்தான் எழுதுதாவன்னு நெனைக்கேன்." பெருமூச்சு விட்டார். குழி விழுந்தது. "அவிய வீட்டுக்காரர் ஏதோ மில்லுலயாம். மரக்கட்டையாம். வாயே தொறக்க மாட்டாராம்."

மரக்கட்டை காசை எண்ணிக் கொடுத்தது. இரட்டைக் கண்ணாடி ஒட்டிய போனை வாங்கிக்கொண்டு வெயிலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பஸ் ஏறியது.

அன்று சாயங்காலம் தோசை சாப்பிடும்போது கேட்டார். "இந்தா, பள்ளிக்கூடத்துல யார்ட்டயாவது ரப்பர் வாங்கினியா?"

கனகலட்சுமி தோசைக் கரண்டியோடு திரும்பினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "இன்னும் ஒன்னு வைக்கவா?" என்றார்.

காளிராஜுக்குத் தாங்கவில்லை. கைகழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்து, ஷெரினாகி, தனிச்செய்தி எழுதினார். 'ருத்ரன் என்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி மொபைல் கடைக்காரர் என்று தெரியவருகிறது. உண்மை நிலவரம் தெரிவிக்கவும். இப்படிக்கு, ஷெரின்.' அனுப்பினார். அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிமேல் 'டிங்' என்றது. பிறகு அங்கிருந்து ஒரு சிரிப்பு. வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் மகாலட்சுமியம்மா, "ஏமாயிந்தி, என்னாச்சு?" என்றார்.

பதில் வந்தது. 'அய்யோ செல்லம், அவனா! சனிக்கிழமை கடைசி எபி. அதில் சொல்லிவிடுகிறேன். அதுவரை தண்ணீர் நிறையக் குடி. டென்ஷன் ஆகாதே.'

அதற்குள் அடுக்களையிலிருந்து குரல். "ஏங்க, தண்ணி வேணுமா?"

சனிக்கிழமை பகல் ஷிப்ட். நான்கு மணிக்குக் கேன்டீனில் மூலை மேஜையில் உட்கார்ந்து, இரண்டு கண்ணாடி வழியாக, காளிராஜ் நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தார். ஆல்வின் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

இளமுல்லை வீட்டை விட்டுப் போகிறாள். போவதற்கு முன் மனதில் இருப்பதையெல்லாம் பதினொரு பக்கம் எழுதி, ருத்ரனின் மேஜைமேல் வைக்கிறாள். முப்பத்திரண்டாவது மாடி. மழை. (தேன்முகில் நாவலில் கடைசி அத்தியாயம் என்றால் மழை உண்டு, நம் ஊரில் பெய்யாததெல்லாம் அங்கே பெய்யும்.) ருத்ரன் பதினொரு பக்கத்தையும் படிக்கிறான். ஒரு பக்கம் விடாமல் படிக்கிறான். பிறகு பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் கீழே இரண்டு சொல் எழுதுகிறான்.

பார்த்தேன். சரி.

காளிராஜின் டீ ஆறிக்கொண்டிருந்தது. கீழே தொடர்ந்தது:

'அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டு சொல்லை அவள் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் பெரியவர்கள் மூக்கு, நிறம், நகை என்று பேசிக்கொண்டே போனார்கள். யாரோ அவனிடம், உனக்கு என்ன தோணுது என்று கேட்டார்கள். அவன் எழுந்து நின்று, பார்த்தேன், சரி என்றான். அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, நகையைக் கூட்டிக் கேட்கவில்லை. கெட்டுப்போன எதையும் காது கொடுத்துக் கேட்டுச் சரிசெய்கிறவன் அவன் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல்லிலேயே அவள் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டாள்.'

வாசகிகள் கொந்தளித்தார்கள். 'சிஸ், மூணாவது எபில அவன் அவளைக் கடத்திட்டுப் போய்த்தானே தாலி கட்டினான்? பொண்ணு பார்த்தது எப்போ?' என்று ஒருத்தி. 'அவன் கோடீஸ்வரன், என்னத்தைச் சரிசெஞ்சான்?' என்று இன்னொருத்தி. நியாயமான கேள்விகள். நாற்பத்தோரு அத்தியாயம் கட்டிக் காத்த கதை, நாற்பத்திரண்டாவதில் ஒரே பத்தியில் இடிந்து விழுந்துவிட்டது. நாவலாசிரியை சட்டை செய்யவில்லை.

"அண்ணே, கண்ணுல என்ன?" என்றார் ஆல்வின்.

"பஞ்சு."

"கேன்டீன்ல ஏதுண்ணே பஞ்சு?"

காளிராஜ் கருத்துக் கட்டத்தைத் திறந்தார். 'எபி 42. பார்த்தேன்.' என்று எழுதினார். அடுத்த சொல்லுக்கு விரல் போனது, நின்றது. லாக் புத்தகத்துக்குத் தெரியாத ஏதோ ஒன்று தேவைப்பட்டது. வெகு நேரம் தேடினார். மில் சங்கு ஊதிய பிறகுதான் கிடைத்தது. எழுதி அனுப்பிவிட்டு எழுந்தார்.

'எபி 42. பார்த்தேன். மிகவும் சரி.'

இருபத்தாறு வருஷத்தில் அவர் செலவழித்த முதல் 'மிகவும்' அது.

போட்டி முடிவு அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. ருத்ரனின் அடையாளம் அந்த இரண்டு சொல்தான், அதை முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் எழுதி வந்தவர் ஷெரின், அரைக் கிலோ பால்கோவா ஷெரினுக்கே, முகவரி அனுப்பவும்.

வதந்தி அடங்கியதா என்கிறீர்களா? பாண்டிதுரையிடம் போய்க் கேட்டோம். குழி விழச் சிரித்தார். "நான் சொல்லலையா? ரிப்பேர் பார்த்த போனத் திருப்பிக் குடுக்கும்போது நான் என்ன சொல்லுவேன்? 'பாத்தேன், சரியாயிட்டு'ன்னுதான சொல்லுவேன்! அவிய அப்படியே போட்டுட்டாவ." முத்துப்பாண்டி, ஸ்டேஷனில் எல்லாப் புகாருக்கும் கீழே தானும் அதையேதான் எழுதி வந்ததாகச் சொல்கிறார். கண்ணுச்சாமியோ, கோவா பதம் வந்ததும் தன் வாயில் அதுதான் வரும் என்கிறார். ஆனந்தவல்லி மட்டும் தம்பிக்குப் போன் செய்து, "ஏலே, கடைசியில என்னைய ஜெயில்லயும் போடல, திருத்தவும் இல்ல. என்ன கதை இது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே வாசகரே, ஜாக்கிரதை. கன்னக்குழி என்று வந்த இடத்தில் உங்கள் கை கன்னத்துக்குப் போனதா? மரக்கட்டை என்ற சொல் வந்ததும் வீட்டில் யாரோ உங்களைத் திரும்பிப் பார்த்தார்களா? 'இது என்னைப் பற்றி இல்லை' என்று இப்போது உங்களுக்குள் ஒருவர் உறுதியாகச் சொல்கிறாரே, அவரேதான். சந்தேகமில்லை. வரிசையில் எட்டாவதாக நிற்கலாம்; அவசரமில்லை, வெயிலில் மட்டும் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.

பரிசுக்கும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஷெரின் இன்னும் முகவரி அனுப்பவில்லை.

"அந்தப் புள்ள அட்ரஸே அனுப்ப மாட்டேங்குதுங்க" என்று கனகலட்சுமி தினமும் பரிமாறும்போது சொல்கிறார்.

"அனுப்பும், அனுப்பும்" என்கிறார் காளிராஜ்.

"எங்க வீட்டு விலாசத்தக் குடுத்துருங்கண்ணே, ஷெரினுக்குத்தான பரிசு?" என்கிறார் ஆல்வின். அவர் வீட்டு வாசலில் ஷெரின் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

அரைக் கிலோ இன்னும் பாக்கி.